பொம்மை என்று தெரிந்தே பயந்தோம்

கேள்வி:

நான் ஜவ்வாது மலை நெல்லிவாசல்நாட்டுக்காரன். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. சின்ன வயதில் எங்கள் ஊர்த் திருவிழா என்றால் திருப்பத்தூரிலிருந்து டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து ஜீப்பில் ஏற்றி வருவார்கள். ஜெனரேட்டர் ஒருபக்கம் உறும, விடிய விடியப் படம் ஓடும். முதலில் எம்.ஜி.ஆர். படம், அடுத்து ரஜினி படம். பாதி ஊர் தூங்கிய பிறகு, கேசட் கடைக்காரர் கொசுறாகக் கொடுத்த இங்கிலீஷ் படம் ஏதாவது போடுவார்கள். அப்படிப் பார்த்ததுதான் ஒற்றைக்கண் ராட்சசன், கத்திச் சண்டை போடும் எலும்புக்கூடுகள், சிலையாக நின்று திடீரென்று ஆட ஆரம்பித்த ஆறு கைக் காளி எல்லாம். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் பயம் மட்டும் பல நாள் போகவில்லை.

சமீபத்தில் அந்த எலும்புக்கூட்டுச் சண்டை செல்போனில் கிடைத்தது. ஏழாவது படிக்கும் மகளிடம் காட்டினேன். "என்னப்பா, பொம்மை மாதிரி வெட்டி வெட்டி நடக்குது" என்று சிரித்தாள். எனக்கோ இப்போதும் புல்லரிக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அதை எப்படி எடுத்தார்கள்? நம் படங்களில் அவ்வளவு மாயாஜாலம் இருந்தும் அந்த மாதிரி மிருகம் ஏன் வரவில்லை? இன்றைக்கு டைனோசர் நிஜம்போலவே ஓடுகிறது, ஆனால் மறுநாள் மறந்துபோகிறது. எனக்கு வயதாகிவிட்டதுதான் காரணமா? சிரித்த மகளே இப்போது, "நாமளும் அதுமாதிரி ஒண்ணு எடுக்கலாமாப்பா" என்று பிடித்துக்கொண்டிருக்கிறாள். போனில் முடியுமா? அவளுக்கு எந்தப் படத்தை முதலில் காட்டுவது?

– ஒரு வாசகர், நெல்லிவாசல்நாடு

பதில்:

உங்கள் மகள் பக்கமே முதலில் நிற்கிறேன். அது பொம்மைதான். அந்த எலும்புக்கூடுகளில் எதுவும் ஒரு முழ உயரம்கூட இருக்காது. அதைக் கண்டுபிடித்துச் சிரித்த பிள்ளை, சிரித்து முடித்ததும் நாமும் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாள் பாருங்கள், உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். கம்ப்யூட்டர் டைனோசரைப் பார்த்துவிட்டு எந்தப் பிள்ளையும் அப்படிக் கேட்டு நான் கண்டதில்லை.

நீங்கள் நினைவில் ஒன்றாகக் கலந்து வைத்திருப்பவை மூன்று படங்கள். ஆட்டுக்கால் கொண்ட ஒற்றைக்கண் ராட்சசன் வருவது 1958-இல் வெளியான 'தி செவன்த் வாயேஜ் ஆஃப் சின்பாத்'. அதிலும் எலும்புக்கூடு உண்டு, ஆனால் ஒன்றே ஒன்று. கூட்டமாக மண்ணைப் பிளந்து எழுந்துவரும் எலும்புக்கூடுகள் 1963-இல் வந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோனாட்ஸ்'. ஆறு கைக் காளி 1973-இல் வந்த 'தி கோல்டன் வாயேஜ் ஆஃப் சின்பாத்'. மூன்றுக்கும் இயக்குநர்கள் வேறு, கதாநாயகர்கள் வேறு. ஆனால் அவர்கள் பெயரை இன்று யாரும் கேட்பதில்லை. மிருகங்களை அசைத்த ஆளைத்தான் கேட்கிறார்கள். ரே ஹாரிஹவுசன். 1920-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து 2013-இல் லண்டனில் இறந்தவர்.

அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 1933-இல், 13 வயதில், 'கிங்காங்' பார்த்த அன்று. வில்லிஸ் ஓபிரையன் அசைத்த அந்தக் குரங்கும் ஏறக்குறைய ஒரு முழப் பொம்மைதான். உடம்பில் முயல்தோல் போர்த்தியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கை பட்டுப்பட்டு மயிர் கலைந்ததால் திரையில் அது சிலிர்த்துக்கொண்டே இருக்கும். கோபத்தில் மயிர் குத்திட்டு நிற்கிறது என்று ஸ்டுடியோ முதலாளிகள் மெச்சிக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அந்த ஓபிரையனிடமே ஹாரிஹவுசன் வேலைக்குச் சேர்ந்து, 1949-இல் வந்த 'மைட்டி ஜோ யங்' படத்தின் குரங்கைப் பெரும்பகுதி தானே அசைத்தார்.

வேலை என்னவென்றால் இதுதான். திரையில் ஒரு விநாடி ஓட 24 படங்கள் வேண்டும். பொம்மையை நிறுத்தி ஒரு படம் எடுப்பார்கள். கையை நெல்லளவு நகர்த்தி அடுத்த படம். கால், தலை, வால், விரல் எல்லாவற்றையும் அதேபோல் நகர்த்தி அதற்கடுத்த படம். பொம்மைக்கு உள்ளே எஃகில் எலும்பு உண்டு, மூட்டுக்கு மூட்டு குண்டும் கிண்ணமுமாகச் சுழலும். வைத்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும், தொட்டால் இளக வேண்டும், பிறகு மறுபடி நிற்க வேண்டும். ஹாரிஹவுசனின் அப்பா இயந்திரத் தொழிலாளி. மகன் வரைந்து கொடுத்ததைப் பார்த்து அந்த எலும்புகளை லேத்தில் கடைந்து கொடுத்தவர் அவர்தான். ஆரம்ப காலக் குறும்படங்களில் பொம்மைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தது அம்மா. அந்த எஃகு எலும்பின்மேல் ரப்பர் நுரையில் சதையும் தோலும் வார்ப்பார்கள்.

பொம்மை அசைவதோடு விஷயம் முடியவில்லை. நிஜ மனிதனோடு அது சண்டை போட வேண்டும். இங்கேதான் ஹாரிஹவுசனின் மூளை இருக்கிறது. நடிகர்களை முதலில் வெளியூரில், ஸ்பெயின் போன்ற இடங்களில், வெறும் காற்றோடு கத்தி வீசவைத்துப் படமெடுத்துக்கொண்டு வருவார்கள். பிறகு ஸ்டுடியோவில் ஒரு மேஜைமேல் பொம்மை. அதற்குப் பின்னால் சின்னத் திரை. அந்தத் திரையில் நடிகர் காட்சி ஒவ்வொரு படமாக விழும். பொம்மைக்கு முன்னால் ஒரு கண்ணாடி. அதில் தரையும் பாறையும் தெரிய வேண்டிய கீழ்ப்பகுதியைக் கறுப்படித்து மறைத்துவிட்டு எடுப்பார். மொத்தமும் முடிந்ததும் பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, இந்தமுறை மேல்பகுதியை மறைத்து, அந்தத் தரையை மட்டும் அதே பிலிமில் ஏற்றுவார். இப்போது ராட்சசனுக்குப் பின்னால் மலை, முன்னால் பாறை, நடுவில் ராட்சசன். மேஜை எங்கே போனது என்று கண் கண்டுபிடிக்காது. படக் கம்பெனி இதற்கு 'டைனமேஷன்' என்று பெயர் வைத்து விளம்பரம் செய்தது.

எலும்புக்கூட்டுச் சண்டையில் 7 எலும்புக்கூடுகள், 3 மனிதர்கள். ஒரு கத்தி இன்னொரு கத்தியைத் தொடும் கணம், பின்திரையில் நடிகன் கை நிற்கும் கணமும் மேஜையில் பொம்மையின் கை நிற்கும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏழு பொம்மைக்கும் தலை, இரண்டு கை, இரண்டு கால் என்று நகர்த்த வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் எந்தக் கை மேலே போய்க்கொண்டிருந்தது, எது கீழே வந்துகொண்டிருந்தது என்பதே மறந்துபோகும். சராசரியாக ஒரு நாளைக்கு 13 படங்கள்தான் தேறின. நாள் முழுக்க நின்றால் திரையில் அரை விநாடிக்குக் கொஞ்சம் மேல். அந்தச் சில நிமிடக் காட்சிக்கு நாலரை மாதம் ஆனது. உதவிக்கு ஆள் இல்லை, தனி ஒருவர்.

காளியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. நம் தெய்வத்தைக் கொண்டுபோய் மந்திரவாதி ஏவும் கையாளாக நிறுத்தியது ஒப்பவில்லை. அந்த ஆட்டத்தைப் பார்த்தால் மட்டும் கோபம் தணிந்துவிடுகிறது. இந்திய நாட்டியக்காரர் ஒருவரை ஆடவைத்துப் படம் பிடித்து, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தச் சிலைக்கு அசைவு கொடுத்தார். கல் மெல்ல அசையத் தொடங்கும். சண்டைக்காக மூன்று சண்டைக்காரர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, ஆறு கையாக்கி ஒத்திகை பார்த்தார்கள். இன்னொரு வேடிக்கை: இந்தக் கூத்து நடக்கும் தீவின் பெயர் லெமூரியா! நாம் குமரிக்கண்டம் என்று பட்டிமன்றத்தில் சண்டை போடும் அதே லெமூரியா. அவர்கள் கணக்கில் அங்கே இருப்பவர்கள் உடம்பெல்லாம் பச்சை பூசிய ஆதிவாசிகள். தமிழ் பேசியதாகத் தெரியவில்லை.

இனி உங்கள் மகள் சொன்ன 'வெட்டி வெட்டி' நடை. அவள் கண் கூர்மையானது. உங்கள் கையை வேகமாக ஆட்டிப் போனில் படம் எடுத்துப் பாருங்கள், கை தீற்றலாக விழும். காமிராவின் கதவு திறந்திருக்கும் நேரத்துக்குள் கை நகர்ந்துவிடுவதால் வரும் தீற்றல் அது. சினிமாவில் ஓடும் மனிதனின் ஒவ்வொரு படத்திலும் அது இருக்கிறது. நம் கண் அதைத்தான் 'ஓட்டம்' என்று படிக்கிறது. பொம்மையோ ஒவ்வொரு படத்திலும் அசையாமல் நிற்கிறது. எல்லாப் படமும் கூர்மை. கூர்மையான 24 நிலைகள் வரிசையாக ஓடும்போதுதான் அந்தத் துடிப்பு வருகிறது. இதைப் போக்க வேண்டும் என்று 1981-இல் 'டிராகன்ஸ்லேயர்' படத்தில் பொம்மைக்கு மோட்டார் பொருத்தி, படமெடுக்கும் அந்தக் கணத்திலேயே அது லேசாக நகரும்படி செய்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஹாரிஹவுசன் அதில் இறங்கவில்லை. நிஜம்போல் ஆகிவிட்டால் கனவுத்தன்மை போய்விடும் என்பது அவர் கட்சி. நான் முழுதாக அவர் கட்சி இல்லை. வேறு வழி இல்லாததை அழகு என்று பேசுவதும் கலைஞர்களின் பழக்கம்தான். ஆனால் ஜேசன் படத்தில் டேலோஸ் என்ற வெண்கலச் சிலை உயிர்பெற்று வரும்போது அவர் வேண்டுமென்றே விறைப்பாக நடக்கவிட்டிருக்கிறார். அங்கே அந்த வெட்டு நடைதான் வெண்கலத்தின் எடை.

உங்களுக்கு ஏன் இன்னும் புல்லரிக்கிறது என்பதற்கு வருகிறேன். உங்கள் மலைக்குக் கீழே, திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தின் கடைசி நாள் துரியோதனன் படுகளம் பார்த்திருப்பீர்கள். களத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், ஒரு வீட்டு நீளத்துக்கு. காலையில் அதை மண் குழைத்துச் செய்தவர்களே மத்தியானம் அதைச் சுற்றி நின்று கலங்குவார்கள். பீமன் தொடையில் அடிக்கும்போது கூட்டம் பதறும். மண் என்று அங்கே யாருக்குத் தெரியாது? தெரிந்துகொண்டே பதறுவதுதான் அந்த இடத்தின் சுகம். அன்று டெக்கில் பார்த்தபோதும் அது பொம்மை என்று உங்கள் மனதின் ஒரு மூலைக்குத் தெரிந்தே இருந்திருக்கும். கண்ணுக்கு எதிரே அது உண்மையாக இருந்தது, உண்மையான வெளிச்சம் அதன்மேல் விழுந்தது, நிழல் விழுந்தது, யாரோ ஒருவர் அதைக் கையால் தொட்டிருக்கிறார். அசைய முடியாத ஒன்று அசைகிறது. பயமும் வியப்பும் ஒரே முடிச்சாக விழுந்தது அங்கேதான்.

இன்னொன்றை உங்கள் கடிதத்திலேயே சொல்லியிருக்கிறீர்கள், ஒரு வார்த்தை புரியவில்லை என்று. புரியாமல் போனது நல்லதாயிற்று. அந்தப் படங்களில் மனிதர்கள் பேசுவது பெரும்பாலும் கட்டை வசனம். கதாநாயகன் கப்பல் தளத்தில் நின்று இளவரசியிடம் பேசும் இடங்களை நான் இன்றும் ஓட்டிவிட்டுத்தான் பார்க்கிறேன். மிருகம் மட்டும்தான் பேசாது. கழுத்தைச் சாய்க்கும், மூச்சு வாங்கும், சாகும்போது தன் காயத்தையே குனிந்து பார்க்கும். டேலோஸின் குதிகாலில் மூடியைத் திறந்துவிட்டதும் உள்ளிருப்பதெல்லாம் வடிய, அவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவான். ஸ்பெயின்காரனுக்கும் நெல்லிவாசல்நாட்டுப் பையனுக்கும் அது ஒரே மாதிரிதான் விளங்கும். படத்திலேயே நல்ல நடிகர் அந்தப் பொம்மைதான்.

நம் படங்களில் ஏன் இல்லை என்ற கேள்விக்கும் விடை இதிலிருந்தே கிளம்புகிறது. நமக்குத் தெரியாத வித்தை அல்ல. இந்திய சினிமாவைத் தொடங்கிவைத்த தாதாசாகேப் பால்கே, முதல் கதைப்படம் எடுப்பதற்கு முன்பே, 1912-இல், ஒரு பட்டாணிச் செடி முளைத்து வளர்வதை விட்டுவிட்டு ஒவ்வொரு படமாகப் பிடித்துக் காட்டினார். அதைக் காட்டித்தான் பணம் போட ஆள் பிடித்தார். 1915-இல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி அவை தாமே விளையாடுவதுபோல் ஒரு குட்டிப் படமும் எடுத்தார். ஆகவே கை இருந்தது, வித்தை இருந்தது. நாம் அதை ராட்சசனுக்குப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

காரணம், நம் ராட்சசன் பேசுவான். அவனுக்குப் பெயர் உண்டு, குலம் உண்டு, தம்பி உண்டு, சாபம் உண்டு. கடோத்கஜன் என்றால் பீமன் பிள்ளை. அவன் வெறும் மிருகம் இல்லை. 1957-இல் அவனை வைத்து 'மாயா பஜார்' எடுத்தபோது இயக்குநர் கே.வி. ரெட்டியின் கையில் இருந்தது நடிகர் எஸ்.வி. ரங்காராவ். அந்த உடம்பும் அந்தச் சிரிப்பும் அந்தக் கண் உருட்டலும் இருக்கும்போது எந்த மடையன் ஒரு முழ ரப்பர் பொம்மையைத் தேடுவான்? அதனால் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி காமிராவை நிறுத்தியும் ஓட்டியும் செய்த வித்தையெல்லாம் பொருள்களுக்குப் போயிற்று. லட்டு பறந்து வாய்க்குள் போகிறது, பாய் தானே சுருண்டு விரிகிறது, பாதரட்சை ஆளைப் பிடித்துக்கொள்கிறது. 1951-இல் வந்த 'பாதாள பைரவி'யிலும் அப்படியே, மந்திரவாதி என்றால் ரங்காராவ்தான், மந்திரம் மட்டும் காமிரா. ஹாலிவுட்டில் மனிதர்கள் நின்று வேடிக்கை பார்க்க மிருகம் நடித்தது. நம்மிடம் ராட்சசன் நடித்தான், கல்யாணச் சாப்பாடு அசைந்தது. எனக்கு இரண்டுமே வேண்டும்.

மாயாஜாலப் பட இயக்குநர் விட்டலாச்சார்யாவை விட்டுவிட முடியாது. அவரும் 1920-இல்தான் பிறந்தார், உடுப்பிப் பக்கம். ஹாரிஹவுசனுக்கு ஒத்த வயது. தெலுங்கில் எடுத்துத் தமிழில் டப் ஆகி வந்த அவர் படங்களை, 1978-இன் 'ஜகன்மோகினி' வரை, நம் டூரிங் டாக்கீஸ்கள் தேய்த்து ஓட்டின. பேய் தன் காலையே விறகாக அடுப்பில் நீட்டிக்கொண்டு சமைக்கும். கை மட்டும் தனியே நீண்டு போய்ப் பொருளை எடுத்துவரும். எலும்புக்கூடு ஆடும். இவற்றில் கம்பி தெரியும், கறுப்புத் துணி தெரியும், வெட்டு தெரியும். அவருக்கு மாதக்கணக்கில் ஒரு பொம்மையோடு உட்கார நேரமில்லை, தேவையும் இல்லை. சம்பளம் கூட்டிக் கேட்ட நடிகரைக் கதையில் கிளியாக மாற்றிவிட்டு மீதிப் படத்தைக் கிளியை வைத்தே முடித்துவிடுவார் என்று கோடம்பாக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. நிஜமோ பொய்யோ, சிக்கனம் புரிகிறதல்லவா?

உங்களுக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜோலார்பேட்டையில் சேலம் ரயில் ஏறினால் போய்ச் சேரும் தூரம். சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர். சுந்தரம், அமெரிக்கத் தயாரிப்பாளர் ராபர்ட் லிப்பர்ட்டோடு கூட்டுச் சேர்ந்து 1952-இல் ஒரு படம் எடுத்தார். ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு'. வில்லியம் பெர்க் இயக்கம். ராட் காமரூன், சீசர் ரோமெரோ, மேரி வின்ட்சர் என்று ஹாலிவுட் ஆட்கள் வந்தார்கள். நம் எம்.என். நம்பியாரும் உண்டு. கதை என்னவென்றால், இந்தியக் காட்டில் யானைகள் மிரண்டு ஊரை மிதிக்கின்றன, ஏன் என்று தேடிப் போனால் அழிந்துபோனதாக நினைத்த ஆதிகாலச் சடை யானைகள், அதாவது மாமத்துகள், உயிரோடு திரிகின்றன. இந்த மாமத்துகளுக்கு எஃகு எலும்பும் இல்லை, ரப்பரும் இல்லை. நிஜ யானையைக் கூட்டிவந்து சடை மயிரைப் போர்த்திவிட்டார்கள்!

இதற்கு ஐந்து வருடம் கழித்து, 1957-இல், '20 மில்லியன் மைல்ஸ் டு எர்த்' என்ற படத்தில் வெள்ளி கிரகத்து மிருகம் ஒன்று ரோம் நகரத்தில் யானையோடு மோத வேண்டியிருந்தது. ஹாரிஹவுசன் அந்தச் சண்டைக்காக யானையையும் பொம்மையாகச் செய்து அசைத்தார். அங்கே யானைக்கே பொம்மை, இங்கே பூதத்துக்கே யானை. வெள்ளைக்காரனுக்கு வித்தை தெரிந்தது, நமக்குத் தெரியவில்லை என்று இதைப் படிக்கக் கூடாது. கையில் இருப்பதை வைத்துத்தான் யாரும் மிருகம் செய்ய முடியும். யானையும் பாகனும் கூப்பிட்டால் வரும் நாட்டில், வட்டிக்குப் பணம் வாங்கிப் படமெடுக்கும் முதலாளி, தனி ஒருவர் மாதக்கணக்கில் இருட்டறையில் பொம்மை நகர்த்துவதற்குக் காத்திருப்பாரா? ஆனாலும் ஒன்று சொல்வேன். போர்த்திய யானை போர்த்திய யானையாகவே நிற்கிறது. அதற்கு நடிக்கத் தெரியாது, பாவம். நமக்கு ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால், சேலத்திலோ கோடம்பாக்கத்திலோ ஒரு லேத் பட்டறைக்காரரும் ஒரு சாமி சிலை செய்பவரும் ஒரு காமிராக்காரரோடு உட்கார்ந்திருந்தால், என்ற ஏக்கம் எனக்கு உண்டு. யாளியை அசைத்திருக்கலாம். கோயில் தூணில் நின்று நின்று அதற்கும் அலுத்திருக்கும்.

பொம்மையைப் படம் படமாக அசைக்கும் அந்த வித்தை இந்தியாவில் இன்று விளம்பரங்களிலும் குறும்படங்களிலும் உயிரோடு இருக்கிறது. 2007-இல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்தின் தொடக்கத்தில் களிமண்ணில் ஓடும் எழுத்தும் உருவங்களும் திமந்த் வியாஸ் கைவேலை. கூடை விற்கும் சிறுமியைப் பற்றி சுரேஷ் எரியட் களிமண் பொம்மைகளை வைத்து எடுத்த 'டோக்ரி' குறும்படம் கிடைத்தால் மகளோடு பாருங்கள். அதில் ராட்சசன் கிடையாது.

வயதாகிவிட்டதா என்று கேட்டீர்கள். பாதி ஆமாம். பாதித் தூக்கத்தில், பனியில், ஜெனரேட்டர் சத்தத்தில் பார்த்த எதுவும் பெரிதாகத்தான் தெரியும். மீதிப் பாதிக்குக் கம்ப்யூட்டரைக் குறை சொல்லவும் நான் தயாரில்லை. 1993-இல் வந்த 'ஜுராசிக் பார்க்' உங்களுக்கு மறக்கவில்லைதானே? அந்தப் படத்தில் டைனோசர் திரையில் நிற்பது மொத்தமே கால் மணி நேரம். அதற்கும் முதலில் பொம்மைகளைத்தான் திட்டமிட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் ஒத்திகையைப் பார்த்ததும் பொம்மை அசைக்கும் ஃபில் டிப்பெட், தன் தொழிலே டைனோசர்போல அழிந்துவிட்டது என்று நொந்து சொல்ல, அதையே படத்தில் ஒரு வசனமாக்கினார் இயக்குநர் ஸ்பீல்பெர்க். ஆனால் டிப்பெட்டை அனுப்பிவிடவில்லை. கம்ப்யூட்டர்காரர்களுக்கு மிருகம் எப்படி எடை போட்டு நடக்கும் என்று தெரியவில்லை. கடைசியில் எலும்புக்கூட்டுப் பொம்மைக்கு மூட்டுக்கு மூட்டு உணர்கருவி மாட்டி, பொம்மைக்காரர்கள் கையால் அசைக்க, அந்த அசைவு கம்ப்யூட்டருக்குள் போயிற்று. அந்த டைனோசருக்குள் பழைய கை இருக்கிறது.

அதன் பிறகு வந்த படங்களில் மிருகம் மலிந்துவிட்டது. அரை விநாடிக்கு ஒரு நாள் கொடுத்த காலத்தில் எந்த அரை விநாடி வேண்டும் என்று ஆயிரம் முறை யோசித்தார்கள். ராட்சசன் வருவதற்கு முன் காலடித் தடம், பிறகு சத்தம், பிறகு பாறைக்கு மேல் ஒரு கை, அப்புறம்தான் முகம். அதுவும் பட்டப்பகலில், கடற்கரை வெயிலில், ஒளிவு மறைவு இல்லாமல். இன்று ஆயிரம் மிருகம் ஒரே சட்டத்தில் ஓடுகிறது, மழையில், இருட்டில், காமிரா சுழலச் சுழல. ஒன்றின் முகமாவது ஞாபகம் இருக்கிறதா? ஆயிரம் மிருகம் செத்தும் ஒரு சாவுக்கும் நேரம் ஒதுக்குவதில்லை. இது இயந்திரத்தின் குற்றமல்ல, எடுப்பவர்களின் பொறுமையின்மை.

சரி, மகளின் வேலைக்கு வருவோம். போனில் தாராளமாக முடியும். ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ போன்ற செயலிகள் உண்டு. முந்தைய படத்தை மங்கலாக மேலே காட்டும், எவ்வளவு நகர்த்தினோம் என்று தெரியும். ஒரு விநாடிக்கு 12 படம் போதும். பத்து விநாடிக்கு 120. முதல் தடவை அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

போனை ஏதாவது ஒன்றில் அசையாமல் கட்டுங்கள். செங்கல் இரண்டுக்கு நடுவில் நிறுத்தினாலும் சரி, தொடும்போது ஆடக் கூடாது. வெளிச்சத்தையும் ஃபோகஸையும் திரையில் அழுத்திப் பிடித்துப் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் போன் தானாக ஒளியைக் கூட்டிக் குறைத்து, படம் மினுக்கும். இதைவிட முக்கியம், சூரிய வெளிச்சத்தில் எடுக்காதீர்கள். மலையில் மேகம் வந்து வந்து போகும், நிழல் வேறு நகர்ந்துகொண்டே இருக்கும். ஓடவிட்டுப் பார்த்தால் பொம்மையைவிட நிழல் அதிகம் நடித்திருக்கும். ஜன்னலை மூடிவிட்டு ஒரே ஒரு பல்பு. நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றால் அதிலிருந்து வெளிச்சம் தெறிக்கும், கறுப்புச் சட்டை போடுங்கள்.

பொம்மைக்கு அலுமினியக் கம்பியை இரண்டு இழையாக முறுக்கி எலும்பு செய்யுங்கள். அதன்மேல் கடையில் கிடைக்கும் எண்ணெய்க் களிமண்ணைப் பூசலாம். குளத்து மண் ஈரம் காய்ந்து நடுவிலேயே வெடித்துவிடும். தலையைச் சின்னதாக வையுங்கள். எல்லாப் பிள்ளைகளும் தலையைப் பெரிதாகச் செய்வார்கள், மூன்றாவது படத்தில் பொம்மை குப்புற விழும். கால்தான் பெரிய தொல்லை. ஒரு காலைத் தூக்கினால் மறு கால் நிற்க வேண்டுமே. பாதத்துக்குள் ஒரு நட்டைப் புதைத்து, பலகையில் துளை போட்டு, அடியிலிருந்து போல்ட் முடுக்குவார்கள் தொழில்காரர்கள். உங்களுக்குத் தெர்மோகோலும் குண்டூசியும் போதும்.

ஆனால் முதல் நாளே பொம்மைக்குப் போக வேண்டாம் என்பேன். பால்கே மாதிரி தீக்குச்சியில் தொடங்கட்டும். பெட்டியிலிருந்து குச்சிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து வரிசையில் நிற்கட்டும். அதில் கை பழகியதும் பாம்பு செய்யச் சொல்லுங்கள், கால் இல்லாததால் அது விழாது. ராட்சசன் அதற்குப் பிறகு. அவன் எப்படி இருப்பான் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் பக்கத்துப் பாட்டிமார்களிடம் காட்டில் திரியும் எத்தனையோ உருவங்கள் கதையாக இருக்கும், அவர்களைக் கேட்கட்டும்.

எந்தப் படம் முதலில் என்றால், ஜேசன். சின்பாத் படங்களில் இழுவை அதிகம். ஜேசனில் டேலோஸ் வரும் பகுதியை ஒரு நாள், எலும்புக்கூடுகளை இன்னொரு நாள். எலும்புக்கூட்டுச் சண்டையை முதலில் சத்தமில்லாமல் ஓட்டி, ஒரே ஒரு எலும்புக்கூட்டை மட்டும் கடைசிவரை பின்தொடரச் சொல்லுங்கள். அது அடிக்காத நேரத்தில் என்ன செய்கிறது, எங்கே பார்க்கிறது என்று அவளே சொல்லட்டும். அப்புறம் சத்தத்தோடு, பெர்னார்ட் ஹெர்மனின் இசையோடு. 1981-இல் வந்த 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' ஹாரிஹவுசனின் கடைசி முழுநீளப் படம். அதில் தலையெல்லாம் பாம்போடு மெதூசா, தீ வெளிச்சத்தில், வாலைக் கிலுகிலுத்துக்கொண்டு தரையில் ஊர்ந்து வருவாள். அதைப் பகலில் போட்டுப் பாருங்கள்.